எங்களவர் இல்லை

காலையில் லிஃப்டில் ஏறினால் முதலில் ஒரு முகத்தைப் பார்த்தாக வேண்டும். எங்கள் முப்பது மாடிக் குடியிருப்பு, அநாதைப் பிணங்களைப் புதைத்த பழைய இடுகாட்டின்மேல் நிற்கிறது. அடித்தளத்திலுள்ள மண்வாசிப்பான் எலும்புகளின் மரபணுவைப் படித்து, நாளுக்கொரு முகத்தைத் திரையில் வரைந்து காட்டும். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘எங்களவர்’, ‘எங்களவர் இல்லை’. ஒன்றை அழுத்தாமல் கதவு மூடாது. உயிரோடிருப்பவர்களின் மரபணுவைத் தொடச் சட்டம் விடாது; நாமாகத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒத்துக்கொண்டால் வாசலிலுள்ள குழியில் வாய்க்கரிசி போட்டு, இறந்தவருக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். அதன்பின் தினமும் காலையில் லிஃப்ட் அதை வாசிக்கும். பொழுது சாய்வதற்குள் யாரும் வராவிட்டால் முகத்தை அழித்துவிடும். எங்கள் லிஃப்ட் இதுவரை ஒரு பெயரைக்கூட வாசித்ததில்லை. அநாதைப் பிணத்துக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? கைப்பேசியைப் பார்த்தபடியே இரண்டாவது பொத்தானைத் தட்டிவிட்டுப் போகிற பெரிய மனிதர்கள் நாங்கள்.

அன்று என் மகள் யாழிசையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நிவேதாவை நானும் யாழிசையும் வாசலில் வரவேற்று லிஃப்டில் ஏற்றினோம். திரையில் ஓர் இளம்பெண் இருந்தாள். யாழிசையின் அதே அகன்ற நெற்றி, அதே குழி விழுந்த மோவாய்.

“அச்சு அசல் நம்ம யாழிசை!” என்று சிரித்த நிவேதா, சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். “உங்க பக்கத்து ஆளுங்களா சார்?”

“சேச்சே, எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க.” விரல் அதற்குள் இரண்டாவது பொத்தானை அழுத்திவிட்டிருந்தது.

“நல்லாப் பாருங்கப்பா” என்றாள் யாழிசை.

“பாத்தாச்சும்மா. சும்மா இரு.”

என் அப்பாவின் அத்தை ஒருத்தி வீட்டுவேலைக்கென்று பட்டணம் வந்து, திரும்பவேயில்லை. தேடினால் ஊர் சிரிக்கும் என்று விட்டுவிட்டார்களாம். அவள் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நிவேதா கேசரியைப் பாராட்டிச் சாப்பிட்டார். அவரை வழியனுப்ப யாழிசை கீழே போனபின் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

குழிக்கருகே யாழிசை தனியாக நின்றிருந்தாள்.

“போட்டுட்டேம்ப்பா.”

“அவங்க?”

“பாத்துட்டுத்தான் போனாங்க.”

“பேரு என்னன்னு சொன்ன?”

“எனக்கு யாரு சொல்லிக் குடுத்தீங்க? என் பேரையே குடுத்துட்டேன்.”

கையிலிருந்த அரிசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் லிஃப்டில் எட்டாம் மாடிக்காரரும் இருந்தார். கதவு மூடுமுன் குரல் வாசித்தது: “இங்கே அடங்கியிருப்பவர், யாழிசை.”

அவர் பதறிப்போனார். “ஐயோ, சார்! உங்க பொண்ணா?”

“எங்க வீட்டுப் பொண்ணுதான்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.