ஹெட்ஃபோனுக்குள் இன்னொரு வில்

தலைநகரில் கோல் மார்க்கெட் பக்கம் கார்த்திக்கு அரசு குவார்ட்டர்ஸ் கிடைத்ததும், அவன் மனைவி மாதங்கிக்கு முதல் கவலை அவள் வில் போட்டு வாசிக்கும் செல்லோவைப் பற்றித்தான். பழைய வீடு, மெல்லிய சுவர். கீழ்வீட்டு ராஜலக்ஷ்மி மாமி முதல் வாரமே படியேறி வந்து, "நன்னாத்தான் வாசிக்கறே. ஆனா என் பூஜை நேரத்துல வேண்டாமே" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் மின்சார செல்லோ வாங்கினார்கள். மரப்பெட்டி கிடையாது, வெறும் சட்டம், நான்கு தந்தி. எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் சத்தம் ஹெட்ஃபோன் மாட்டியவர் காதுக்கு மட்டும்தான்.

நவம்பர் புகைமூட்டம். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். மத்தியானத்திலேயே உள்ளறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் வாசனை அறைக்குள் கனத்துக் கிடந்தது. அவள் இன்னும் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தடித்த தந்தியில் ஒரு சுரத்தை நீளமாக இழுத்தாள். சற்றுப் பின்தங்கி இன்னொரு வில்லும் இழுத்தது. எக்கோவாக இருக்கும் என்று பட்டனைப் பார்த்தாள். அது அணைந்துதான் இருந்தது.

வில்லை நிறுத்தினாள்.

மற்றது நிற்கவில்லை.

இடது கையை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் தந்தியை விட்டு வரவில்லை. அவற்றின் மேல் வேறு விரல்கள் சில்லென்று அழுத்திக்கொண்டிருந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது கையும் வில்லை விட மறுத்தது.

"பஜாத்தே ரஹோ," என்றது காதுக்குள் ஒரு குரல். வாசித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

வாசித்தாள். கத்த வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

கதவு திறந்தது. காபி டம்ளரோடு கார்த்தி. கடவுளே, வந்துவிட்டான்! கண்ணாலேயே கெஞ்சினாள். கண்ணீர் தாடையில் வழிந்து சொட்டியது.

வாசிப்பு மனசுக்குப் பிடித்தபடி அமைந்தால் மாதங்கி அழுவாள். கல்யாணமான புதிதில் அது தெரியாமல் பதறிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் கார்த்தி. வாசிக்கும்போது யாரும் குறுக்கே வரக் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

"அச்சா, அச்சா! மேடம் நல்ல ஃபார்ம்ல இருக்காங்க," என்று கிசுகிசுத்தான். டம்ளரை ஓரமாக வைத்தான். "நான் கடைக்குப் போயிட்டு வரேன். நீ வாசி."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

தோள் எரிந்தது. விரல் நுனி கிழிந்து தந்தி பிசுபிசுத்தது. செல்லோவின் ஓரத்தில் பேட்டரி விளக்கு சிவப்பாக மினுங்கத் தொடங்கியதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தீர்ந்துவிடு சனியனே, சீக்கிரம் தீர்ந்துவிடு.

விளக்கு அணைந்தது. ஹெட்ஃபோனில் மயான அமைதி. அப்பாடா என்று விரல்களை இழுத்தாள்.

வரவில்லை.

செத்துப்போன ஹெட்ஃபோனுக்குள், காது மடலை உரசிக்கொண்டு, யாரோ அடுத்த பாட்டுக்கு நிதானமாக எண்ண ஆரம்பித்தார்கள்.

"ஏக்... தோ... தீன்..."

அவளுடைய வலது கை தானாகவே வில்லைத் தூக்கியது.