பானெட் மேல் இரண்டு கைகள்

மழை விட்டு வெயில் அடித்த ஒரு மதியம் அந்தக் கார் பாறசாலையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. தமிழ்நாட்டு நம்பர். எல்லையோரத்தில் இது அதிசயமில்லை. களியக்காவிளையில் பழைய வண்டி வாங்கி, கேரளத்தில் இந்தப் பக்கம் ஓட்டுவார்கள். பேர் மாற்ற அலைய யாருக்கும் பொறுமை கிடையாது. ஆர்.சி. புத்தகம் பழைய ஆள் பேரிலேயே வருடக்கணக்கில் கிடக்கும்.

ஓட்டி வந்தவள் பேர் ஜின்சி. காரோடு ஊர்க்காரி, நெய்யாற்றின்கரையில் நர்ஸ். பின்சீட்டில் அவளுடைய நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ராஜதாஸ் அண்ணன் நீங்களா? பானெட் லாக்கு மாத்தணும்."

"லாக்குக்கு என்ன கேடு?"

"எனக்குத் தெரியாது. பழைய ஓனரு நேத்து போன் பண்ணினாரு. கம்பெனி மாத்தித் தாறேன்னு சொன்ன லாக்கு, மாத்தாம கெடக்கு, ராஜதாஸுட்ட கொண்டு போ மக்கா ண்ணு சொன்னாரு. நல்ல மனுஷனாக்கும்."

பழைய ஓனர் யார் என்று ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன்.

வேதமாணிக்கம்.

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தேன்.

இரண்டு வருடம் முன்பு நான் நெய்யாற்றின்கரையில் ஒரு கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். ஓடும்போது பானெட் தானாகத் திறக்கிறது என்று ஒரு மாடல் கார்களை எல்லாம் கம்பெனி திரும்ப வரச் சொன்னது. புது லாக் மாட்ட வேண்டும். மாதக் கடைசியில் மூன்று வண்டிகள் வந்தன, லாக் வரவில்லை. பழைய கொக்கியில் கிரீஸ் தடவி, மாதக் கணக்குக் காட்டக் கம்ப்யூட்டரில் மூன்றுக்கும் வேலை முடிந்தது என்று போட்டேன். அங்கே எல்லோரும் செய்வதுதான். பார்ட்ஸ் வந்ததும் கூப்பிட்டு மாட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் லாக் வந்தது. நாளைக்குக் கூப்பிடலாம் என்று மேஜைக்குள் வைத்தேன். ஆறாம் நாள் இஞ்சிவிளையில் வேதமாணிக்கம் சாரின் பானெட் எகிறி முன்கண்ணாடியை மூடிவிட்டது. மனிதர் எப்படியோ வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கி, இரண்டு கையாலும் பானெட்டை அமுக்கிக்கொண்டு நின்றவர் மேல் லாரி உரசிப் போனது.

அடக்கத்துக்குப் போனேன். சவப்பெட்டிக்குள் அவர் கைகளைத்தான் பார்த்தேன். இடது மோதிர விரல் பாதிதான் இருந்தது, முன்னொரு காலம் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் போனது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில்தான் வேலை முடிந்திருந்ததே. மற்ற இருவரையும் கூப்பிட்டால் சாரின் சாவு என் தலையில் விழும் என்று பயந்து, வேலையை விட்டேன். மூன்று லாக்கும் என் டூல்ஸ் பெட்டியோடு வந்தன.

முடிந்துபோன வேலைக்குக் கம்பெனி யாருக்கும் தகவல் அனுப்பாது. லாக் மாறவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கும், சாருக்கும்.

"அவரு வேற என்னவாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"கை கடுக்குது, இனி தாங்காதுண்ணு சொன்னாரு. வயசாளி இல்லியா."

கார் முன்னால் போய் நின்றேன். பானெட் முழுக்க மழைத்துளி முத்து முத்தாக நின்றது, இரண்டு இடம் தவிர. இரண்டு உள்ளங்கை அளவுக்கு அங்கே பொட்டு ஈரம் இல்லை.

இடது கையில் ஒரு விரல் பாதி.

ஜின்சி கவனிக்கவில்லை, மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கை விட்டு லீவரை இழுத்தேன். இழுப்பே இல்லை. கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். கொக்கி அன்று முறிந்தபடியே கிடந்தது. அதன் பின்னால் இருக்கும் சேஃப்டி கொக்கியும் இல்லை. அந்தப் பெண் தினமும் பிள்ளையோடு ஓட்டிய வண்டியில் பானெட்டைப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

அப்படியும் தூக்க முடியவில்லை.

இரண்டு கையாலும் தூக்கினேன். எதிரே ஒருவர் நின்று அமுக்குவது போல மேலிருந்து பாரம் இறங்கியது. பழைய ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை வந்தது. யாரோ மூச்சு வாங்குவது என் காதருகில் கேட்டது.

குனிந்து மெதுவாகச் சொன்னேன். "சாரே, விடுங்க. நான் மாட்டுறேன். சத்தியமா மாட்டுறேன்."

பானெட் லேசானது.

மாட்டி முடித்து, நான்கு தடவை மூடித் திறந்து பார்த்தேன். ஜின்சியிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் நன்றி சொல்லிப் போனாள். அதுவே என்னைக் கொன்றது.

பத்தாம் நாள் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து கிருஷ்ணன்குட்டி என்று ஒருவர் அதே மாடல் காரில் வந்தார்.

"ராஜதாஸ் நீதானா? ஒரு வயசாளி போன்ல விளிச்சு, உங்கிட்ட போகச் சொன்னாரு."

அது இரண்டாவது வண்டி. பானெட் தூசியில் கை பதிந்திருந்தது. அதையும் மாட்டிக் கொடுத்தேன்.

மூன்றாவது வரவில்லை. ஒரு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நம்பரும் ஞாபகமில்லை, ஆளும் ஞாபகமில்லை. சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆனால் ஏன் தேடுகிறாய் என்று கேட்பார்கள். சொன்னால் போலீஸ், கேஸ். அது வேறு எங்காவது விற்றுப் போயிருக்கும், லாக்கும் யாராவது மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் என் மனைவி செல்லபாய் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"முதுகுல ஆராக்கும் கிரீஸ் கையை வச்சது?"

விரித்துக் காட்டினாள். இரண்டு கைகள். அழுத்திப் பதிந்திருந்தன. இடது மோதிர விரல் பாதி.

"பிடிச்சுத் தள்ளினது போல உண்டே," என்றாள்.

இன்று காலை கடையைத் திறக்கவில்லை. மூன்றாவது லாக்கைப் பையில் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரை பஸ் ஏறினேன். வழியெல்லாம் எதிரே வந்த ஒவ்வொரு காரின் பானெட்டையும் பார்த்தேன். இப்போது சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கிறேன். மேனேஜர் உள்ளே இருக்கிறார். பத்து அடி நடந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது, திரும்பிவிடலாமா என்று ஒரு கால் பின்னால் வைத்தேன்.

முதுகில் ஏதோ இடித்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை.

ஒன்பது விரல்கள் முழுதாக அழுத்தின. ஒன்று பாதி.