வடிவக்காவின் தாமதம்

ரூபாய் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபத்திரண்டு. அது வடிவக்கா பட்ட கடன். வடிவக்கா என்பது எங்கள் வேலைக்கூட்டத்து மடிக்கணினி. கடன் அவள் பேரில் இருந்தாலும் கையும் காலும் எங்களுக்குத்தான் இருந்ததால், கட்ட வேண்டியவர்கள் நாங்கள் மூன்று பேர்: நான், சுடலைமுத்து, மரியபுஷ்பம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. தண்ணீர் குழாய் வழியாக வடக்கே போய்விடும். உப்பு எங்களுக்கு மிஞ்சும். அதைப் பாத்தியிலிருந்து வாரி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றுவது வேலை.

காலை ஆறு மணிக்குக் கொட்டகையில் வடிவக்காவை எழுப்புவோம். மூடியின் மேல் பழைய ஒட்டுத்தாள் ஒன்று உண்டு: 'சண்முகவடிவு, பன்னிரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு'. எழுபத்தோரு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் அவளை இலவசமாக வாங்கிய பெண்ணின் பேர். அந்தப் பெண் எங்கே போனாளோ, பேர் இங்கே நின்றுவிட்டது. ஸ்டூல் போட்டு, குடை நட்டு, எடைமேடைக்கு எதிரே உட்காரவைப்போம். மூட்டை மேடைக்கு வந்ததும் தன் கண்ணால் பார்த்து, எடை குறித்து, "சரி, தூக்கு" என்பாள். அவள் சரி சொல்லாமல் தூக்கிய மூட்டை தூக்காத மூட்டைதான், கூலி கிடையாது. லாரி வராத நேரத்தில் அரை மணிக்கு ஒருதரம், யாரும் கேட்காமலேயே, "லாரி வரவில்லை. காத்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வாள். லாரி வராதது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தி நம்மோடு சேர்ந்து அலுத்துக்கொள்வது ஆறுதல்தானே.

சில்லு செய்யும் ஆலைகள் உலகமெங்கும் மூடிய பிறகு, இருக்கிற கணினிதான் கணினி; புதிதாக ஒன்று பிறக்காது. அதனால்தான் ஆள்சட்டம் வந்தது. கணினியும் ஓர் ஆள். அதற்கு வருகைப்பதிவு உண்டு, ஓய்வு உண்டு, கூலியில் அரைப்பங்கு உண்டு. அந்த அரைப்பங்கு மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் போகும். சட்டம் வந்த அன்று சங்கத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. அதில் இருந்தது இது: வேலை யாரால் தாமதமாகிறதோ, நிமிடக் கணக்கில் கடன் அவருடையது. அவரால் கட்ட முடியாவிட்டால் அவருடைய கூட்டம் கட்டும். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் கணினியைப் பிரித்து உதிரியாக எடுத்துக்கொள்வார்கள். கணினி இல்லாத கூட்டம் கூட்டமே இல்லை, வீட்டுக்குப் போகலாம். யாரால் தாமதம் என்று எழுதுவது கங்காணி.

எங்கள் கங்காணி ஞானதுரை. வெளியூர்க்காரன் இல்லை. ஏழு வருடம் முன்புவரை எங்கள் கூட்டத்தில் மூட்டை தூக்கியவன்தான். கங்காணி ஆனதும் சட்டைக்குப் பொத்தான் முழுவதும் போட ஆரம்பித்தான், என்னை யக்கா என்பதை விட்டுவிட்டு செல்லக்கனி என்றான்.

வடிவக்கா கடன்காரி ஆனது புதுப்பிப்பால். எல்லா லினக்ஸ் கணினிக்கும் புது முகப்பு போட வேண்டும் என்று நிறுவனத்தில் உத்தரவு போட்டார்கள். கணினி பார்க்கும் லிங்கத்துரை ஒரு விரல் நீளக் குச்சியைச் செருகினான், அரை நாளில் முடிந்தது. அதற்கு முன்னால் மூட்டைக்கு நாலு நொடி. அதற்குப் பின்னால் நாலு நிமிடம், ஐந்து நிமிடம், அவள் மனசுபோல.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூட்டை வந்ததும் திரையில் ஒரு சன்னல் தாமரை மாதிரி விரியும். அதன் கீழே மெல்ல நிழல் விழும். அந்த உப்புக்காடு முழுவதிலும் இருந்த ஒரே நல்ல நிழல் அதுதான், உட்காரத்தான் முடியவில்லை. பிறகு ஒரு வட்டம் சுற்றத் தொடங்கும். சுடலைமுத்து மூட்டையை மேடையில் வைத்துவிட்டுப் போய், டீ குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவான். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மரியபுஷ்பம் முன்பெல்லாம் மூட்டைக்கு ஒரு அருள்நிறை மரியே சொல்லுவாள். இப்போது இரண்டு மூட்டைக்கு ஒரு முழு ஜெபமாலை முடிந்தது. இப்படியே போனால் நான் கன்னியாஸ்திரி ஆகிவிடுவேன், என் வீட்டுக்காரரிடம் யார் சொல்வது என்று கேட்டாள்.

வைத்தியம் எல்லாம் பார்த்தோம். காற்றுவழியில் அடைந்திருந்த உப்பைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தோம். ஈரத்துணி விரித்து அதன்மேல் ஸ்டூலைப் போட்டோம். லிங்கத்துரையைக் கெஞ்சி, விரிகிற தாமரையையும் நிழலையும் நிறுத்தினோம். அதில் அரை நிமிடம் மிச்சமானது. சுடலைமுத்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டான். அதில் ஒன்றும் மிச்சமாகவில்லை, பழம்தான் செலவு.

இருபத்தோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஞானதுரை ஒரு தாளோடு வந்தான். உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் கணினி பழையபடி ஓடும், நிறுவனமே இலவசமாகச் செய்து தரும் என்றான். மற்ற அறுபத்திரண்டு கூட்டமும் சம்மதித்தாயிற்று, பாக்கி எங்கள் கூட்டம்தான். இதுவரை ஏறிய பதினெட்டாயிரத்துச் சொச்சம் அப்படியே நிற்கும். ஆனால் மேலே ஏறாது.

நான் தாளை வாங்கி வாசிக்க ஆரம்பித்தேன். எழுத்து எனக்கு நாற்பத்தெட்டு வயதில் வந்தது. அவசரப்படுத்தினால் ஓடிப்போய்விடும். ஞானதுரை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றான்.

"இதுல வாசிக்க என்ன கெடக்கு, செல்லக்கனி? பேர எழுதிட்டுத் தாங்க."

ஐந்தாவது வரியில் நின்றேன். பழைய பதிவுகள் குறித்துப் பின்னால் எந்தக் கோரிக்கையும் எழுப்ப முடியாது என்று இருந்தது.

"கங்காணியாரே, கோரிக்கைன்னா என்னது?"

"அது சும்மா எழுதுததுதான்."

"சும்மா எழுதுததுக்கா இம்புட்டு மை செலவழிச்சிருக்காவ?"

மறுநாள் தருவதாகச் சொல்லித் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் போன பிறகு வடிவக்காவின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். தாளை வாசித்த கண் சூடாக இருந்தது. அதே சூட்டில் திரையையும் வாசித்தேன். இருபது நாளாக அந்த வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வட்டத்துக்குக் கீழே, ஓர் ஓரத்தில், எறும்பு அளவில் ஒரு வரி இருந்தது. 'கோப்புகளை வாசிக்கிறது: 2,14,806-இல் 1,75,920'. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 921 ஆனது.

லிங்கத்துரையைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"ஆமா யக்கா, புது முகப்புல ஒரு வாசிப்பான் இருக்கு. உள்ள கெடக்கிற எல்லாத்தையும் ஒரு தரம் வாசிச்சு வச்சிக்கிடும். பொறவு எதக் கேட்டாலும் சட்டுனு எடுத்துத் தரும். நல்ல மிசினுன்னா ஒரு மணி நேரத்துல முடிச்சிரும். வடிவக்கா வயசுக்கு நாளாவுது. ஒரு நாளைக்கு எட்டாயிரத்துச் சொச்சம்தான் ஓடுது."

"முடிஞ்சா?"

"பழையபடி ஆயிரும். ஆனா முடியட்டும்னு யாரு இருக்கா? எல்லாரும் அழிக்கத்தான சொல்லுதாவ."

கோரிக்கை என்றால் என்ன என்று அவனிடமும் கேட்டேன். நமக்கு வரவேண்டியதைக் கேட்பது என்றான்.

எனக்கு வடிவக்கா மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. எழுத்து வந்த வருடம் நான் மட்டும் என்ன செய்தேன்? பஸ் பலகையை வாசித்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்டேன். பருப்புச் சுற்றி வந்த காகிதத்தை வாசித்ததில் பருப்புக் கரிந்தது. உப்புச் சாக்கில் அச்சடித்திருந்ததை வாசித்துக்கொண்டு நின்றதற்கு அப்போதிருந்த கங்காணி அரைநாள் கூலியைப் பிடித்தார். முதல்முறை வாசிக்கிறவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்பது அந்த அரைநாள் கூலியில் நான் வாங்கிய பாடம்.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் கோப்பு பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும். சனிக்கிழமைதான் மாதக் கடைசி. அதுவரை கடன் நாளுக்குத் தொள்ளாயிரம் ஏறும். இப்போதே அழித்தால், வேகமாக மூட்டை ஏற்றிக் கொஞ்சமாவது சம்பாதித்து, காலில் விழுந்து தவணை கேட்கலாம். பொறுத்தால் அதுவும் கிடையாது. சுடலைமுத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். அவன் ரொம்ப நேரம் உப்பைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு, வாசிக்கிற பிள்ளையைப் பாதியில் எழுப்ப எனக்கு மனசு வராது, என் வீட்டில் அப்படி எழுப்பினால் சண்டைக்கு வருவார்கள் என்றான். மரியபுஷ்பம் தன் பங்குக்கு இன்னொரு ஜெபமாலையைத் தொடங்கினாள். நான் தாளில் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தேன். ஞானதுரை அதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவன் ஒரு சிவப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வடிவக்காவை எடுத்துப்போக. கடன் இருபத்து மூவாயிரத்து எழுபத்தேழு ஆகியிருந்தது. திரையில் 2,14,791. நாங்கள் குடைக்கு அடியில் நின்றோம். ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது என்று லிங்கத்துரை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஞானதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டிமேல் சாய்ந்தான்.

804 வரை வந்தது. அங்கே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நகரவில்லை. லிங்கத்துரை குனிந்து, எந்தக் கோப்பில் சிக்கியிருக்கிறது என்று பார்த்தான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூல், இரண்டாம் தொகுதி.

"பாவம், அது யாருக்குத்தான் சீக்கிரம் முடிஞ்சிருக்கு" என்றாள் மரியபுஷ்பம்.

நாலு நாற்பதுக்கு அது முடிந்தது. 805. 806. வட்டம் மறைந்தது. சுடலைமுத்து ஓடிப்போய் ஒரு மூட்டையை மேடையில் வைத்தான். அவன் கையை எடுப்பதற்குள் "சரி, தூக்கு" என்றாள். இன்னொன்று. "சரி, தூக்கு." ஆறாவது மூட்டையில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பழைய வட்டத்தைக் கொஞ்சம் சுற்றச்சொல்ல முடியுமா என்று கேட்டான்.

ஞானதுரைக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். வேகம் வந்தது சந்தோஷம், ஆனால் கடன் கடன்தான், பதினைந்து நிமிடம் இருக்கிறது என்றான்.

திரையின் மேலே 'தேடு' என்று ஒரு கட்டம் புதிதாக முளைத்திருந்தது. ஸ்டூலுக்கு முன்னால் மண்டியிட்டேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்: லாரி வரவில்லை. நான் தட்டி முடிக்க இரண்டு நிமிடம். வடிவக்கா பதில் சொல்ல ஒரு நொடி ஆகவில்லை.

பதினோரு வருடம். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பதிவு. அரை மணிக்கு ஒருதரம் அவள் அலுத்துக்கொண்டதெல்லாம் அலுப்பு இல்லை. தேதி, நேரம், எத்தனை நிமிடம், அன்று நின்றவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு பதிவு வைத்திருந்தாள். கூட்டியும் காட்டினாள்: ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு மணி நேரம். அந்த லாரி எங்கள் நிறுவனத்துடையது.

"யாரால தாமதமோ கடன் அவியளுக்கு. அப்படித்தான கங்காணியாரே சட்டத்துல இருக்கு?" என்றேன்.

லிங்கத்துரை மெல்ல விசில் அடித்தான். லாரி எல்லாருக்கும்தானே வரவில்லை, அறுபத்திரண்டு கூட்டத்துக்கும் இதே தேதிதானே, அவர்கள் கணினியில்தான் இப்போது ஒன்றும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்கள் குடையைப் பார்த்து வர ஆரம்பித்தார்கள்.

ஞானதுரை பெட்டியை விட்டுவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தான். மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டான்.

"எம் பேரு இருக்கா, பாருங்க" என்றான்.

தட்டினேன். அவன் எங்களோடு இருந்த நாலு வருடமும் வந்தது. ஒவ்வொரு வரியாக மேலே தள்ளிக்கொண்டே போனான். ஒரு தேதியில் நிறுத்தினான். ஐப்பசி மாதத்து ஒரு வியாழக்கிழமை. ஐந்து மணி நாற்பது நிமிடம். நின்றவர்கள்: செல்லக்கனி, சுடலைமுத்து, மரியபுஷ்பம், ஞானதுரை.

"அன்னைக்குத்தான் அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தது. லாரி இந்தா வந்துரும், அந்தா வந்துரும்னு நின்னேன். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிஞ்சிட்டு." அந்த வரியை விரலால் தொட்டான். "நான்தான் பிந்திப் போயிட்டேன்னு இத்தனை நாளும் நெனச்சிக்கிட்டிருந்தேன், யக்கா."

மரியபுஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவன் தாமதக் கணக்கு எழுதும் தன் கைப்பலகையை எடுத்தான். எங்கள் கூட்டத்துப் பக்கத்தைத் திறந்தான். இருபத்தைந்து நாளாக 'யாரால்' என்ற கட்டத்தில் 'வடிவு' என்று அவனே எழுதியிருந்தான். ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, 'நிறுவனம், புதுப்பிப்பு உத்தரவு' என்று மாற்றினான். இருபத்தைந்து தடவை. நாலு ஐம்பத்தொன்பதுக்கு வடிவக்காவின் கடன் சுழியம் ஆனது. லாரிக் கணக்கைத் திங்கட்கிழமை நிறுவனத்தில் கொடுக்கப்போவதாகவும், தன் பேரையும் அதில் எழுதும்படியும் சொன்னான். அவன் வேலை போகும் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மூட்டை தூக்க ஓர் ஆள் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று சுடலைமுத்து இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னான்.

கைப்பலகை ஒரு சீட்டைத் துப்பியது. ஞானதுரை அதைக் கிழித்து என்னிடம் நீட்டினான்.

"இரு ஞானம், வாசிச்சிட்டு வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

நான் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். நான் முடிக்கிறவரை நின்றான். அந்தத் தாமதத்தை யார் கணக்கிலும் எழுதவில்லை.