கயிற்றில் ஐந்து தொப்பிகள்

வெளியே ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்து நின்றவர்கள் நான்கு பேர். எமே கழுவி எடுத்த கண்ணாடிப் படத்தகட்டில் ஐந்து பேர் இருந்தார்கள்.

பனியாற்றின் மேல் நண்பகல் வெயில் கண்ணைப் பறித்தது. அந்தக் கறுப்புக் கூடாரத்துக்குள் மட்டும் இருட்டு, ஈதர் நெடி, மஞ்சள் துணி ஒட்டிய சிறு சன்னலின் வழியே கசியும் மங்கல் வெளிச்சம். எமே தகட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து மறுபடி எண்ணினான். ஐந்தாமவன் கயிற்றின் கடைசியில், எமேயின் தம்பி சில்வேனுக்குப் பின்னால் நின்றான்.

தப்பு தன்னுடையதுதான் என்று எமே நினைத்தான். மலையேற்றிய கண்ணாடிகள் கொஞ்சம்தான். கெட்டுப்போன படத்தைச் சுரண்டிவிட்டு அதிலேயே அடுத்ததை எடுப்பார்கள். காலையில் விரல் விறைத்ததால் அரைகுறையாகத் துடைத்திருந்தான். பழைய படத்து ஆள் ஒட்டிக்கொண்டிருப்பான். படமெடுக்கும் பெரோன் முதலாளிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். மூச்சுக்காட்டாமல், இதுவரை தொடாத புதுக் கண்ணாடியில் மருந்து பூசி நீட்டினான்.

முதலாளி எல்லோரையும் அசையக் கூடாது என்று அதட்டிவிட்டு இருபது எண்ணினார். தாடி அரித்தாலும் சொறியக் கூடாத பிழைப்பை மனசுக்குள் திட்டியபடியே மலை வழிகாட்டிகள் நால்வரும் விறைத்து நின்றார்கள்.

தகடு திரும்பி வந்தது. மருந்து ஊற்றியதும் முதலில் பனி தெரிந்தது, பிறகு கயிறு, பிறகு தொப்பிகள். ஐந்து தொப்பிகள். நால்வரின் ஓரங்கள் லேசாகக் கலைந்திருந்தன. எவ்வளவு அடக்கினாலும் மனிதன் மூச்சு விடத்தானே செய்வான். ஐந்தாமவனிடம் ஒரு மயிரிழைகூடக் கலையவில்லை. அவன் கை சில்வேனின் தோளில் இருந்தது.

எமே கூடாரத் துணியை விலக்கிப் பார்த்தான். நான்கே பேர். சில்வேனுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. அடுத்து அவர்கள் கடக்க வேண்டியது பனியாற்றுப் பிளவின் மேலிருந்த பனிப்பாலம். தம்பியை அதில் கால் வைக்க விடக் கூடாது.

பனியாற்றில் கயிற்றை அவிழ்க்கச் சொல்பவனை ஷமோனி மலையூரில் யாரும் மதிக்க மாட்டார்கள். எமே அதைத்தான் சொன்னான்.

"டேய் சில்வேன், கயித்த அவுத்துட்டு உள்ள வா."

"என்னண்ணே, வெயில்ல மூளை உருகிடுச்சா?"

"அம்மா மேல ஆணைடா. வா."

வெளியே யாரோ சிரித்தார்கள். எமே குனிந்து புட்டிகளை ஓரமாகத் தள்ளி இடம் செய்தான். துணி விலகியது. பனியின் வெளிச்சம் கண்ணைக் குருடாக்கியது. துணி விழுந்தது. தோள் உரச ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எமேவுக்கு அழுகையே வந்துவிட்டது. தடவி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். வந்துவிட்டான். போதும்.

புகையிலை வாசனை இல்லை. வியர்வை இல்லை. குளிர் மட்டும். கேட்டது ஒரே ஒரு மூச்சு. எமேயுடையது.

இருபதடி தள்ளி, வெளியே, சில்வேனின் குரல் கேட்டது.

"முடிச்சு உறைஞ்சு கெடக்குண்ணே. கொஞ்சம் இரு, வந்துடுறேன்."

பக்கத்தில் இருந்த அது கையை நீட்டியது. கூடாரத் துணியின் பொத்தான்களை, கீழிருந்து ஒவ்வொன்றாக, உள்பக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தது.