படகுத்துறையில் ஒரு காலி நாற்காலி!

"அய்யோ... என்னங்க! என்னங்க!"

அலறல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

காலை பத்து மணி. படகுத்துறையின் நுனியில் கேப்டனின் சக்கர நாற்காலி நின்றது... காலியாக! பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து கதறினாள். தண்ணீரில் அவருடைய தொப்பி மட்டும் மிதந்தது.

சக்கர நாற்காலியில் நடமாடுகிறவர்களைப் படகேற்றி ஏரியில் உலவ விடும் க்ளப் அது. கேப்டன் அதன் தலைவர். அவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. க்ளப்புக்கு நிதி தரும் அறக்கட்டளையின் மேடம், இன்றைக்கு வருவதாகச் சொன்னபடியே வந்து நின்றார்.

போலீஸ் வந்தது. இரண்டு பேர் தண்ணீரில் குதித்துத் துழாவினார்கள். இன்ஸ்பெக்டரின் சந்தேகமோ கரையிலேயே இருந்தது. போல்ட்டு மேல்!

போல்ட்டு, க்ளப்பின் மெக்கானிக். ஒன்பது வருடத்துக்கு முன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவன். அன்று முதல் அவனுக்கும் சக்கர நாற்காலிதான்.

"நேத்து சாயந்திரம் அவரோட சண்டை போட்டியாமே?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

போல்ட்டு மேடத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். சொன்னால் க்ளப்பின் மானம் போகும். சொல்லாவிட்டால் இவன் உள்ளே போக வேண்டியதுதான்.

"போன வருஷம் மேடம் அஞ்சு படகுக்குப் பணம் குடுத்தாங்க. சாய்மானம், பெல்ட்டு, ரெண்டு பக்கமும் மிதவை வச்ச படகு. இங்கே இருக்கறது ஒண்ணுதான். மீதி நாலு எங்கேன்னு கேட்டேன். எகிறினார்."

மேடத்தின் முகம் இறுகியது.

"இது வேறயா? ஒரு உயிரும் போயிருக்கு... இனிமே இந்தத் திட்டத்துக்கு ஒரு பைசா கிடையாது!"

போல்ட்டு கரையில் கட்டியிருந்த படகைப் பார்த்தான். அந்த ஒற்றைப் படகுக்குப் பன்னிரண்டு பேர் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். போன மாதம்தான் அவனே யார் தயவும் இல்லாமல் ஏரியின் நடு வரைக்கும் துடுப்புப் போட்டுப் போனான். கரை சேர்ந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். எல்லாம் இன்றோடு சரியா?

"ஜீப்ல ஏறு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாற்காலியை ஏத்த சாய்வுப் பலகை இருக்கா சார்?"

"நக்கலா?"

"இல்லை சார்... ஒரே நிமிஷம். அந்த நாற்காலியைக் கிட்ட போய்ப் பார்த்துடறேன்."

உருட்டிக்கொண்டு போனான். பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"குஷன் எங்கே சார்?"

"ஆளையே காணோம்கறேன்... குஷனைத் தேடறியே!"

"எங்களுக்கு உட்கார்ற இடத்துல வலி தெரியாது சார். குஷன் இல்லாம ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா புண்ணு வந்துடும். அப்புறம் மாசக்கணக்குல குப்புறப் படுக்கணும். கார் சீட்டுக்கு மாறினாலும் குஷன் கூடவே வரும். செல்லை மறப்போம், அதை மறக்கவே மாட்டோம்!"

"தண்ணியில விழுந்திருக்கும்யா."

"அது காத்தடைச்ச குஷன். மிதக்கணுமே! தொப்பி மிதக்குது... அது எங்கே?"

இன்ஸ்பெக்டர் ஏரியைப் பார்த்தார். தொப்பி மட்டும்தான்!

"சாகப் போறவனுக்கு எதுக்கு சார் குஷன்? வேற சீட்டுக்கு மாறினவனுக்குத்தான் வேணும்."

"எந்த சீட்டு?"

கேப்டனின் மனைவி சட்டென்று எழுந்தாள்.

"நான் போய் மாமியாரைக் கூட்டிட்டு வந்துடறேன்..."

மரத்தடியில் நின்ற வேனை நோக்கி நடந்தாள். காலையில் கணவனும் மனைவியும் வந்த வேன் அது. நடையில் கொஞ்சம் அவசரம்.

"அண்ணி!" போல்ட்டு கத்தினான். "அண்ணன் இன்னும் தண்ணிக்குள்ள இருக்கார்... நீங்க வண்டி ஓட்டற நிலைமையிலயா இருக்கீங்க?"

அவள் நின்றாள். கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

இத்தனை நேரமும் எல்லோரும் தண்ணீரைத்தான் தேடினார்கள். வேனைத் திறக்க யாருக்குத் தோன்றும்?

இன்ஸ்பெக்டர் ஓடிப்போய்க் கதவை இழுத்தார்.

பின் சீட்டில்... கேப்டன்! சொட்டு ஈரம் இல்லை. குஷன் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்!

"நாலு படகுக் காசையும் செலவழிச்சுட்டேன் சார்..." குரல் உள்ளே போயிருந்தது. "இன்னைக்கு மேடம் படகை எண்ணுவாங்க. நான் செத்துட்டேன்னா, பாவம்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சோம். நான் வேன்லயே இருந்துட்டேன், வெறும் நாற்காலியை இவதான் தள்ளிட்டுப் போய் வச்சா."

மேடம் விழித்தார்.

"எண்ணுவேன்னு யார் சொன்னது? இன்னும் அஞ்சு படகுக்குக் கைப்பையில செக் வச்சிருக்கேன். குடுத்துட்டு, ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பறதா இருந்தேன்!"

கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். மனைவி அவரை முறைத்த முறைப்பில், தண்ணீரே தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஜீப் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. போல்ட்டு மேடத்தின் எதிரே வந்தான்.

"பன்னிரண்டு பேர் மேடம். கேப்டன் பண்ணினதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

மேடம் கைப்பையைத் திறந்தார். செக்கை எடுத்தார்... இரண்டாகக் கிழித்தார்!

"மேடம்!" என்றான் போல்ட்டு.

"இனிமே க்ளப் கையில பணம் கிடையாது. படகு செய்யறவர் நம்பரைக் குடு. அவருக்கே நேரா அனுப்பறேன். ஒவ்வொரு படகையும் நானே வந்து எண்ணுவேன். இருக்கறதையும் இப்பவே எண்ணணும்... காட்டு!"

போல்ட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"வாங்க மேடம். ஒண்ணே ஒண்ணுதான்... நடுவுல விட்டுப் போச்சுன்னு முதல்லேர்ந்து எண்ண வேண்டியிருக்காது!"