ஜெனரேட்டர் போன வழி

காலை 9.20. கருவூல அலுவலகத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் அறையைத் திறந்தால், ஜெனரேட்டரும் போயிருந்தது.

பூட்டு உடையவில்லை. ஜன்னலே கிடையாது. சாவி இரண்டு. ஒன்று ஒப்பந்த நிறுவனத்தின் மேனேஜரிடம். இன்னொன்று, ஒப்படைக்கச் சொல்லியும் கொடுக்காமல் இடுப்பில் செருகியிருந்த எலக்ட்ரீஷியனிடம். அவளை எல்லோரும் 'கரண்டு அக்கா' என்பார்கள். அறையைத் திறந்ததும் அவள்தான். போலீஸுக்குப் போன் செய்ததும் அவள்தான்.

நகரத்து அரசுக் கட்டடங்கள் அத்தனையின் பராமரிப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டி அந்த நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். கட்டடத்துக்கு ஒரு புது ஜெனரேட்டர் என்பது நிபந்தனை. பழைய ஆட்களை மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவது நிறுவனத்தின் ஏற்பாடு.

9.50. இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் 'குடைச்சல்'.

"நேத்து ஆய்வுக் குழு வந்து பார்த்து ஓகே சொல்லிட்டுப் போச்சு சார்," என்றார் மேனேஜர். "இன்னிக்குக் காணோம். வேலை போகுதேன்னு இந்தம்மாவுக்கு வயித்தெரிச்சல். இதுக்கு மேல என்ன விசாரணை?"

"வயித்தெரிச்சல் இருக்கு. இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள் கரண்டு அக்கா. "அதுக்காக அம்மாம்பெரிய மிஷினை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா போனேன்?"

கான்ஸ்டபிள் சிரித்தார். இன்ஸ்பெக்டர் திரும்பியதும் அது இருமலாக மாறியது.

"ராஜினாமா எழுதிக் குடுக்கட்டும் சார். கேஸ் வேண்டாம், பெரிய மனசு பண்ணி விட்டுடறோம்," என்றார் மேனேஜர்.

"எழுத மாட்டேன். கேஸ் போடுங்க. கூண்டுல ஏறி நின்னு பேசிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு உள்ளே போனார். தரையில் சக்கரத் தடங்கள். எண்ணெய்ச் சொட்டு ஒன்றுகூட இல்லை. புகைக்குழாய் வெளியேறச் சுவரில் ஓர் ஓட்டை. அதன் குறுக்கே தூசி அப்பிய சிலந்தி வலை.

"குழு வந்தப்போ ஓட்டிக் காட்டினீங்களா?"

"அப்போ கரண்டு இருந்துச்சே சார். எதுக்கு ஓட்டணும்?" மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கிளம்பணும். பதினோரு மணிக்குக் கோர்ட்ல ஆய்வு."

"போலாம், உக்காருங்க." இன்ஸ்பெக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "மத்த கட்டடத்துலயும் உங்க ஆளுங்ககிட்ட சாவி இருக்காம்மா?"

"ஒருத்தரும் குடுக்கலை சார். ஆனா கரண்டு போகாதப்போ மேனேஜர் இல்லாம அறையைத் திறந்தா அன்னிக்கே வேலை போயிடும்."

"கேட்டுப் பாருங்க. கட்டாயமில்ல."

அக்கா போனில் எல்லோரையும் ஒரே இணைப்பில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டாள். "எல்லாரும் ஜெனரேட்டர் ரூமைத் திறங்கப்பா. எப்படியும் துரத்தத்தான் போறாங்க. என்ன இருக்குன்னு பார்த்துட்டாவது போவோம்."

ஆஸ்பத்திரிக்காரர் முதலில் பேசினார். "உடைஞ்ச கட்டில்தான் கிடக்கு."

நூலகத்திலிருந்து ஒரு பெண் குரல். "இங்க பல்லி இருக்குக்கா. வேணுமா?"

பதிவு அலுவலகமும் காலி. கோர்ட்டிலிருந்து மட்டும் ஒரு கூச்சல்: "இருக்குக்கா! விடியக்காலையில லாரியில வந்துச்சாம். தள்ளுவண்டியிலேயே உக்காந்திருக்கு!"

இன்ஸ்பெக்டர் மேனேஜர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எடுத்தது நீங்கதான். இருக்கறதே ஒரு மிஷின். அதைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி குழுவுக்கு முன்னாடி ஊர்வலம் விட்டிருக்கீங்க. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே குழு, ஒரு நாளைக்கு ஒரு இடம். அதுக்குள்ள அடுத்த இடத்துக்குத் தள்ளிடலாம். குழு மிஷினைப் பார்த்துச்சு, சுவரைப் பார்க்கலை. குழாய் மாட்டி ஒரு தடவை ஓட்டியிருந்தாக்கூட அந்த வலை மிஞ்சியிருக்காது."

மேனேஜரின் முகம் வெளுத்தது. ஆனாலும் அவர் அக்காவைத்தான் பார்த்தார். "ஒப்பந்தம் ரத்தானா உங்க யாருக்கும் இந்த மாசச் சம்பளம்கூட வராது. யோசிச்சுக்க. புகாரை வாபஸ் வாங்கினா உன் வேலைக்கு நான் பொறுப்பு."

ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படவில்லை. மறுமுனையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா போனை மேஜைமேல் வைத்தாள். "புகாரை எழுதுங்க சார். முதல்ல என் பேரு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரிக்காரர் தன் பெயரைச் சொன்னார். அதன்மேலேயே நூலகத்துப் பெண்ணின் பெயர் வந்து விழுந்தது. பிறகு கோர்ட்டு, பதிவு அலுவலகம் என்று குரல்கள் ஒன்றையொன்று முட்டின.

"மெதுவா, மெதுவா," என்றார் கான்ஸ்டபிள். "ஒவ்வொருத்தரா வாங்கய்யா, கை வலிக்குது."