வேண்டாம் என்று சொன்ன பூனை

பூனைக் கடை வாசலை எட்டுவதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தொப்பலாக நனைந்து உள்ளே ஓடி வந்தவளை ஏழெட்டுப் பூனைகள் ஏற இறங்கப் பார்த்தன. கூடவே ஒரு ஜோடி மனிதக் கண்களும்...

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களைச் சோதிப்பதுதான் அவள் வேலை. எத்தனையோ கண்களைப் பார்த்தவள்தான். ஆனால் உதடு அசையாமல் கண் மட்டும் சிரிக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

'கடைக்காரன் போல. திமிரைப் பாரு!' என்று நினைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். விலை, உருவம், குணம் என்று மூன்று கட்டங்கள் போட்டு வைத்திருந்தாள்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க. இந்த பெர்ஷியன்?"

அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு நெருங்கி வந்தான்.

"விலை ஒரு மாச சம்பளம். பரம சாது. ஆனா தினமும் முடியைச் சீவி விடணும். உங்க முடியைச் சீவவே உங்களுக்கு நேரமில்லை போல..."

முகத்தில் ஒட்டிய ஈரக் கூந்தலை அவள் வெடுக்கென்று ஒதுக்கினாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த பூதம்?"

"மெயின் கூன். உருவம்தான் பூதம், மனசு பச்சைப் புள்ள. எட்டு கிலோ வரைக்கும் வளரும். மடியில படுத்தா உங்க கால் மரத்துப் போயிடும்."

"சயாமீஸ்?"

"விலை குறைவு, உடம்பு ஒல்லி, வாய் மட்டும் ஓயாது. ஒரே வீட்டுல ரெண்டு வாயாடி தாங்காதுங்க."

"யாரு வாயாடி?"

"பொதுவா சொன்னேன்!"

"ராக்டால்?"

"தூக்கினா துணிப் பொம்மை மாதிரி தொங்கும், அவ்வளவு சாது. விலையைக் கேட்டா நீங்க தொங்கிடுவீங்க."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள்...

"யாருக்குப் பூனை?" என்றான், குரலைத் தாழ்த்தி.

"அப்பாவுக்கு."

அப்பா விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு அதட்டல் போட்டால் மைதானமே நின்று திரும்பிப் பார்க்கும். அம்மா இறந்துபோன இந்தப் பத்து மாதமாக அந்தக் குரல் அடங்கிவிட்டது. 'சாப்பிட்டேன்', 'தூங்கப் போறேன்'... ஒரு நாளைக்கு அவ்வளவுதான். முன்பின் தெரியாதவனிடம் இதையெல்லாம் ஏன் கொட்டினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அப்போதுதான் மேல் கூண்டைப் பார்த்தாள். சிறுத்தைக்குட்டி போல உடம்பெல்லாம் புள்ளி...

"இது?"

அவன் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "பெங்கால். இது மட்டும் வேண்டாங்க. விலையும் ரொம்ப அதிகம். ஒரு இடத்துல நிக்காது. திரைச்சீலை, அலமாரி, எல்லாத்துலயும் ஏறும். வயசானவருக்கு ஒத்துவராது. உங்களாலயும் முடியாது."

முடியாது என்ற சொல் சுருக்கென்று தைத்தது. வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கடைக்கார அம்மாள் வந்தார்.

"டாக்டர், குட்டிங்களுக்கு ஊசி போட்டாச்சா? வாம்மா, எந்தப் பூனை வேணும்?"

டாக்டரா! அப்படியானால் இவன் கடைக்காரனே இல்லை!

"இவ்வளவு நேரம் என்னை வெச்சு விளையாடினீங்களா?"

"ஐயோ, இல்லைங்க... நீங்க கேட்டீங்க, நான்..."

"அம்மா, இந்தப் பெங்காலையே குடுங்க!"

ஸ்கூட்டருக்குச் சேர்த்த பணம் வீம்புக்குப் போனது. அவன் தடுக்கவில்லை. பூனையின் தடுப்பூசி அட்டையில் தன் எண்ணை எழுதி நீட்டினான்.

"ஏதாவதுன்னா கூப்பிடுங்க."

"தேவைப்படாது."

மூன்று நாளில் இரண்டு திரைச்சீலை நார்நாராகக் கிழிந்தது. பூச்சாடி சுக்குநூறானது. அப்பா சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவன் சொன்னது சரிதானோ... சரியாக இருந்தாலும் அவனைக் கூப்பிடுவதாவது!

நான்காம் நாள் மாலை வேலை முடிந்து படியேறியவள் அப்படியே நின்றாள்.

"இறங்கு! இறங்குன்னு சொல்றேன்ல! ஒண்ணு... ரெண்டு... மூணு!"

அப்பாவின் குரல்! மைதானத்தை நிறுத்திய அதே குரல்!

உள்ளே அலமாரி உச்சியில் பூனை. கீழே வேர்வை வழிய, கையில் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு அப்பா.

"பாரும்மா இந்தப் பயலை! நின்ன இடத்துலேருந்து ஒரே தாவு! என்கிட்ட படிச்ச ஒருத்தனும் இப்படித் தாவினதில்லை!"

அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மனசுக்குள் வந்தது ஒரே முகம். அட்டையை எடுப்பாள், எண்ணைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள்... மூன்று நாள் இப்படியே போனது. ஞாயிறு காலை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுவிட்டாள்.

"பூனை... சரியா சாப்பிட மாட்டேங்குது."

அரை மணி நேரத்தில் பெட்டியும் கையுமாக வந்து நின்றான். இந்த முறை நனைந்திருந்தவன் அவன். பூனையின் பல்லைப் பார்த்தான், வயிற்றை அமுக்கினான், நெற்றியைச் சுருக்கினான்.

"சாப்பிடலையா?" என்றார் அப்பா. "யார் சொன்னது? காலையில என் தட்டுல பாதி இவனுக்குத்தானே போச்சு!"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்த அப்பா, பூனையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாடா, நாம உள் ரூமுக்குப் போய் ஓடலாம்."

அவன் பெட்டியை மூடினான்.

"நான் சொன்னது தப்பாப் போச்சு," என்றான் அவன். "பூனைங்களைப் பத்திப் படிச்சேன். அப்பாக்களைப் பத்திப் படிக்கல. மன்னிச்சிடுங்க."

"கடைக்காரர் இல்லைன்னு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க உள்ளே கடைக்கார அம்மாகிட்ட போயிருப்பீங்க. அதான் ஒவ்வொரு பூனைக்கும் குறை கண்டுபிடிச்சு இழுத்தடிச்சேன். பெங்காலை வேண்டாம்னது மட்டும் நிஜம். உங்க அப்பா தாங்குவாரான்னு பயந்துட்டேன்."

அவள் விரலால் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள், விரித்தாள்.

"பூனைக்கு ஒண்ணுமில்லைங்க. அப்பா பேசினதும் உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. ஏன் உங்ககிட்டன்னு மூணு நாளா யோசிச்சேன்..."

"தெரிஞ்சுதா?"

"ம்... உங்களைப் பிடிச்சிருக்கு."

பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன் தடுமாறினான். பெட்டியைத் திறந்தான், மூடினான். "எனக்கும்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.